மாரிக்கு முன் எந்தச் சுவர்?

(பளைக் கிளையின் மாதக் கூட்டத்தில், மேசன் வேலை செய்யும் எமது சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லை. உங்களைப் போலத் தோட்டத்தில் தேங்காய் உரித்தவன்தான் நானும். பிறகுதான் சாந்தகப்பை பிடித்தேன். போன கூட்டத்தில் கிளைச் செயலாளர் என்னிடம் ஒரு விடயம் சொன்னார். வீட்டின் வெளிப்பக்கத்தைப் பூசிப் பெயின்ற் அடிப்பதற்காக ஐந்தாறு குடும்பங்கள் கடன் எடுக்க யோசிக்கின்றனவாம். "அதற்கு முன்னம் ஒருக்கால் நீ வந்து கதை" என்றார். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் என் சொந்த வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மகளின் சாமத்தியவீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்று, வாராவாரம் கட்டும் கடன் எடுத்து முன்சுவருக்குப் பெயின்ற் அடித்தேன். மேசன் நானே அடித்தேன். மாரி கழிந்து தைப்பொங்கலுக்குப் பார்த்தால் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயின்ற் அப்பளம் போலப் பொங்கி உரிந்து கிடந்தது. கடன் முடிய அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. வாரக்கட்டுக் காசு வாங்க வருகிற பொடியன் அந்த உரிந்த சுவருக்குக் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்பான். என் மனைவி அவன் முகத்தையும் பார்ப்பாள், சுவரையும் பார்ப்பாள், கடைசியில் என்னைப் பார்ப்பாள்.

பெயின்ற்றில் பிழை இல்லை. சுவர் ஈரமாக இருந்தது. ஏன் ஈரமாக இருந்தது என்று நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது அதுதான். வெளிப்பக்கத் திருத்தம் என்றால் முதலில் தண்ணீரைச் சுவருக்கு வராமல் பண்ணுவது. நிறம் கடைசி வேலை.

எங்கள் பக்கத்து வீடுகளில் பல இந்திய வீடமைப்புத் திட்டத்தில் எழும்பியவை. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி அந்தத் திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பகுதி பகுதியாகக் கணக்குக்கு வந்தது. வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள். சிலர் ஒரு அறையைக் கூட்டிக் கட்டினார்கள், சிலருக்குச் சாமான் விலை ஏறியது. கூரை போட்டு உள்ளே குடிபோனதும் கை வெறுங்கையாகிவிட்டது. அதனால் வெளியே பூச்சில்லாத சீமெந்துக் கல்லோடு இன்னும் எத்தனையோ வீடுகள் நிற்கின்றன. அது அழகில்லை என்று கவலைப்படுகிறோம். அதைவிடக் கவலைப்பட வேண்டியது, அந்தக் கல் தண்ணீரைக் குடிக்கும் என்பது.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊரில் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அப்போது காற்று வாடை. வடக்கிலும் கிழக்கிலும் இருந்துதான் தூவானம் அடிக்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது எந்தச் சுவர் உள்ளுக்குள் நனைந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வாடைப் பக்கச் சுவர்தான். ஆனால் நாங்கள் காசு வந்தவுடன் பூசுவது றோட்டைப் பார்த்த சுவரை! உங்கள் வீட்டு முன்பக்கம் தெற்கு என்றால், அந்தச் சுவருக்கு மழை அதிகம் படுவதேயில்லை. அதற்குப் போட்ட சீமெந்து சனத்துக்காகப் போட்ட சீமெந்து.

இன்னொரு சுவர் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. இரண்டு பக்கம் சரிந்த கூரையுள்ள வீட்டில், இரண்டு அந்தலையிலும் முகடு வரை ஏறுகிற முக்கோணச் சுவர். அங்கே தாழ்வாரம் கிடையாது, ஓடு சுவரோடு முடிந்துவிடும். முழு மழையையும் அது வாங்கும். ஒரே ஒரு சுவர் பூசத்தான் காசு என்றால், வாடைப் பக்கம் இருக்கிற முக்கோணச் சுவரைப் பூசுங்கள். பூசக் காசில்லை என்றால் சலாகையை ஒன்றரை அடி வெளியே நீட்டி இரண்டு வரி ஓடு போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கிடுகு கட்டுங்கள். கிடுகு பின்ன உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

அடுத்தது கூரை. ஏணி வைத்து ஏறி முகட்டு ஓட்டின் சாந்து வெடித்திருக்கிறதா, விலகின ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். தென்னோலை மட்டை விழுந்து உடைத்த ஓடு கட்டாயம் ஒன்றிரண்டு இருக்கும். நாங்கள் தென்னையில் பிழைக்கிற சனம், வீட்டை ஒட்டி நிற்கிற தென்னையைத் தறிக்க மனம் வராது. ஆனால் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் மாரிக்கு முன் இறக்கிவிடலாம்தானே. அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட வீட்டுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. பாசி பிடித்திருக்கிறது என்று அதைத் தும்புத்தடியால் உரஞ்ச வேண்டாம், காய்ந்தபடி வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

கூரைத் தண்ணீர் கீழே விழுகிற இடத்தைப் பாருங்கள். நிலத்தில் ஒரு வாய்க்கால் போலக் குழி விழுந்திருக்கும். அங்கிருந்து சேறு தெறித்துச் சுவரில் இரண்டடி உயரத்துக்குக் கறை ஏறும். அந்த இரண்டடிதான் எல்லா வீட்டிலும் முதலில் கெட்டுப்போவது. பீலி போட்டால் நல்லது, ஆனால் பீலியைத் துப்புரவாக்க ஆள் வேண்டும். இலை அடைத்த பீலி, பீலி இல்லாததைவிட மோசம், தண்ணீரைச் சுவருக்கே திருப்பிவிடும். எனக்குப் பிடித்தது இதுதான்: சுவரைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்குச் சீமெந்து நிலம். சுவரோரம் உயர்ந்து, வெளிப்பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்து இருக்க வேண்டும். தண்ணீர் விழுகிற கோட்டில் சல்லிக்கல் பரப்பிவிட்டால் தெறிப்பு அடங்கும். முற்றத்து மண்ணும் வீட்டைவிட்டு வெளியே சரிய வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அளவு வெள்ளத்தை எந்தச் சீமெந்தும் மறிக்காது. ஆனால் வருடா வருடம் அத்திவாரத்தடியில் தேங்குகிற தண்ணீரை மறிக்கலாம்.

மண் நிரப்ப வெளியிலிருந்து லோட் இறக்கினால், அது எங்கே கிண்டிய மண் என்று கேளுங்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்ற எத்தனை வருடம் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். துப்புரவாக்கிய நிலம் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் வாய்க்கால் வெட்டவும் வேண்டாம்.

இப்போது பூச்சு. இங்கே முதல் எதிரி உப்பு. எங்களுக்குக் கிழக்கேயும் கடல், மேற்கே கிளாலிப் பக்கமும் கடல்நீர். கடற்கரைப் பக்கத்து மணல் விலை குறைவு என்று ஏற்றுகிறோம். அந்த உப்பு சுவருக்குள் இருந்துகொண்டு காற்றின் ஈரத்தை இழுக்கும், வெள்ளையாகப் பூத்துப் பெயின்ற்றைத் தள்ளும். கொங்கிறீற்றுக்குள் போனால் கம்பி கறள் பிடித்து ஊதி, யன்னலுக்கு மேலே இருக்கிற தட்டை வெடிக்கப் பண்ணும். மணலை ஒரு கை அள்ளிக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் கலக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேண்டாம். சாந்து குழைக்கிற தண்ணீருக்கும் அதே கணக்கு. குடிக்க முடியாத உவர்க்கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைக்க வேண்டாம்.

வெளிப்பூச்சுக்கு ஒரு பங்கு சீமெந்து, ஐந்து பங்கு மணல். சீமெந்தைக் கூட்டினால் பலம் என்று நினைக்கிறோம், கூட்டினால் வெடிப்புத்தான் கூடும். அரை அங்குலத் தடிப்பில் ஒரு 50 கிலோ பைக்கு ஏறக்குறைய 100 சதுர அடி பூசலாம். அப்போது ஒரு வாடைப் பக்கச் சுவருக்கு இரண்டு, மூன்று பை போதும். கணக்கை இப்படிச் சின்னதாக்கிப் பார்த்தால் கடன் தேவைப்படாது. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். முழு வீட்டுக்கும் ஒரேயடியாகச் சாமான் வாங்க நினைத்தால் கண் இருட்டும்.

எப்போது பூசுவது? பலபேர் பூசுவது யூன், யூலையில், வேலை குறைந்த நேரம் பார்த்து. அதுதான் கூடாத காலம். சோளகம் வீசுகிற மாதங்கள் அவை. புலோப்பளையில் காற்றாடியைச் சும்மாவா நாட்டி வைத்திருக்கிறார்கள்? அந்தக் காற்று ஈரப் பூச்சை ஒரு மத்தியானத்துக்குள் காய வைத்து மயிர்மயிராக வெடிக்க விடும். மாரி முடிந்து தை கடைசி, மாசி, பங்குனிதான் எங்கள் ஊருக்குப் பூச்சுக் காலம். கிணற்றில் தண்ணீரும் இருக்கும். பூசிய பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். மேசனுக்குக் கூலி கொடுத்துவிட்டு இந்த ஏழு நாளை விட்டுவிட்டால் பாதிக் காசு மண்ணுக்குள். சின்னப் பிள்ளைகளிடம் வாளியைக் கொடுங்கள், சந்தோசமாகச் செய்வார்கள்.

சுவரில் வெடிப்பு இருந்தால் உடனே அடைக்காதீர்கள். வெடிப்புக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு கீறித் திகதி எழுதுங்கள். ஒரு மாரி கழித்துப் பாருங்கள். கோடு விலகாவிட்டால் அடைத்துப் பூசலாம். விலகியிருந்தால் வருத்தம் அத்திவாரத்தில். அதற்குப் பூச்சு மருந்தில்லை, என்னையோ வேறு அனுபவமுள்ள மேசனையோ கூப்பிடுங்கள்.

பெயின்ற் பற்றிக் குறைவாகத்தான் சொல்வேன். பூச்சு முடிந்து நாலு கிழமையாவது விடுங்கள். வெளிச்சுவருக்கென்று விற்கிற பெயின்ற்றை வாங்குங்கள், உள்ளுக்கு அடித்து மிஞ்சியதை வெளியே அடிக்க வேண்டாம். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பும், மங்கினாலும் தெரியாது. கத்தரிப்பூ, கடும் பச்சை எல்லாம் இரண்டு வெயிலில் வெளுத்துவிடும். அடி இரண்டடிக்கு மட்டும் செங்காவி போல ஒரு கடும் நிறப் பட்டை. ஆனால் எண்ணெய்ப் பெயின்ற் வேண்டாம், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழி வேண்டும். பிறகு மூன்று, நாலு வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டையை மட்டும் புதுப்பித்தால் வீடு புதுசு போல இருக்கும். காசு இல்லாதவர் சுண்ணாம்பு அடிக்கலாம், அதில் வெட்கமில்லை. முன்தூணில் கல் ஒட்டுகிற புது நாகரிகம் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். அது விழுந்த இடங்களைத் திருத்தித்தான் போன வருடம் எனக்குக் கொஞ்சம் உழைப்பு.

காசு விடயம். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்யும் அளவுக்கு எங்கள் வீடுகள் போயிருந்தன. மறுபடி அந்த வாசலுக்குச் சுவர்ப் பூச்சுக்காகப் போக வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடம் பங்களிப்பும் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத மீதியும் உள்ளவர், வீட்டுத் திருத்தத்துக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க விண்ணப்பிக்கலாம். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் ஒழுங்காகப் போயிருந்தால்தான் அந்த மீதி இருக்கும். நாட்கூலி என்று சொல்லி அதைக் கட்டாமல் விட முடியாது, சட்டத்தில் நாட்கூலிக்காரரும் அடக்கம். கணக்கு மீதியைப் பார்க்காதவர்கள் அடையாள அட்டையோடு செயலாளரிடம் வாருங்கள். அந்தக் காசு முதுமைக்கு உரியது என்பதையும் யோசித்துத்தான் கைவைக்க வேண்டும்.

தோட்டத்துக் காணியில், நிர்வாகத்தின் வீட்டில் இருப்பவர்கள் சொந்தக் காசைச் சுவரில் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள். கூரைக்கும் வெளிச்சுவருக்கும் யார் பொறுப்பு என்று கிளை ஊடாக எழுத்தில் கேட்போம், பதிலையும் எழுத்தில் வாங்குவோம். வாயால் சொன்ன "பார்ப்போம்" மழைக்கு மறைப்பாகாது.

இந்த உரையை மலையகத்தில் வாசிக்கப்போகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் பலரின் தாய் தகப்பன் அங்கிருந்து 1977க்குப் பிறகு அடிபட்டு வந்தவர்கள்தான். அட்டன், தலவாக்கலைப் பக்கம் பெருமழை மேற்கிலிருந்து, யூனில் தொடங்கி. ஆகையால் உங்கள் முதல் சுவர் மேற்குச் சுவர். பூச்சுக் காலமும் மாறும். மாதத்தை என்னிடம் இருந்து எடுக்காமல், உங்கள் வீட்டில் எந்தச் சுவரில் பாசி பிடிக்கிறது என்று பாருங்கள், அதுவே சொல்லும்.

கிளைக்கு ஒரு நீள ஏணியும், மட்டம் பார்க்கிற குழாயும் இருக்கின்றன. இரண்டும் இப்போது என் வீட்டில் நிற்கின்றன. மாரிக்கு முன் கூரை பார்க்க வேண்டியவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் கூட வருவேன்.