ஐந்து சொல்லுக்கு 12½ டாலர்! செய்தி யாருடைய சொத்து?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

ஒரு விலைப் பட்டியலை முதலில் படிக்கிறேன். 5 முதல் 25 வரை 12 டாலர் 50 சென்ட். 26 முதல் 50 வரை 17 டாலர் 50 சென்ட். 51 முதல் 100 வரை 25 டாலர். 101 முதல் 250 வரை 50 டாலர். அதற்கு மேல் போனால் 100 டாலர்.

இது நூல் விலையல்ல, துணி விலையுமல்ல. சொல்லின் விலை! 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி ஸ்தாபனத்தின் செய்தியிலிருந்து சில சொற்களை எடுத்துப் போட விரும்பியவர்களுக்கு வைக்கப்பட்டிருந்த கட்டணம் இது. இதை வைத்து அந்த நாட்டில் பெரிய தகராறு மூண்டது. அமெரிக்காவில் நடந்த சண்டையில் நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். பிறர் எழுதியதை எடுத்துக் காட்டிப் பதில் சொல்லும் உரிமை நமக்கு உண்டா இல்லையா என்பதுதான் விஷயம்.

நடந்தது என்ன?

இணையத்தில் யார் வேண்டுமானாலும் சொந்தமாக எழுதிப் போடலாம். அப்படி எழுதும் பக்கத்துக்கு வலைப்பதிவு என்றும், எழுதுகிறவருக்குப் பதிவர் என்றும் பெயர். ரோஜர்ஸ் கேடன்ஹெட் என்பவர் 'டிரட்ஜ் ரிட்டார்ட்' என்ற பக்கத்தை நடத்திவந்தார். வாசகர்கள் அன்றைய செய்தியிலிருந்து சில வரிகளை அங்கே எடுத்துப் போடுவார்கள். முழுச் செய்தியும் இருக்கும் இடத்துக்கு வழி காட்டுவார்கள். பிறகு அதைப்பற்றி விவாதிப்பார்கள். நமது டீக்கடைப் பெஞ்சில் பத்திரிகையைப் படித்துவிட்டு வாதாடுகிறோமே, அதே காரியந்தான்.

2008 ஜூன் மாதத்தில் ஏ.பி. அவருக்கு நோட்டீஸ் விட்டது. அந்தப் பக்கத்தில் வெளிவந்த 7 துண்டுகளை நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. அந்த ஏழில் மிக நீளமானதே 79 சொல்தான்!

1998இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம் இந்த நோட்டீசுக்குப் பலம் கொடுத்தது. பதிப்புரிமை பெற்றவன் புகார் செய்தால், பக்கத்தை நடத்துகிறவன் உடனே அதை நீக்கிவிட்டால் அவன் மேல் பொறுப்பு வராது. நீக்காவிட்டால் வழக்கு வரலாம். எழுதியவர் மறுப்பு அனுப்பலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெரிய ஸ்தாபனத்தின் வக்கீலை எதிர்த்து மறுப்பு அனுப்பச் சாதாரண மனிதனுக்கு எளிதில் தைரியம் வருமா? கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது.

அந்தக் கட்டணப் படிவத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய சொற்களை, எழுதியவருக்கோ பிரசுரித்த ஸ்தாபனத்துக்கோ இழுக்கு வரும்படி உபயோகிக்கக் கூடாது! கவனியுங்கள் தோழர்களே! காசும் கொடுக்க வேண்டும், வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். விலைப் பட்டியலைவிட அபாயமானது இந்த நிபந்தனைதான்.

பதிவர்களுக்குள் பிளவு

நோட்டீஸ் செய்தி பரவியதும் பதிவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரே அபிப்பிராயத்தில் இல்லை.

ஏ.பி. செய்தியைப் பகிஷ்காரம் செய்வோம், அதைத் தொடவே வேண்டாம் என்றது ஒரு பிரிவு. 'டெக்கிரஞ்ச்' என்ற பக்கத்தை நடத்திய மைக்கேல் ஆரிங்டன் அப்படியே அறிவித்தார். ஏ.பி.யே தம்முடைய எழுத்திலிருந்து சில வரிகளை எடுத்துப் பிரசுரித்தபோது, ஏ.பி.யின் கட்டணப்படியே தமக்கும் பணம் வரவேண்டும் என்று கேட்டு அதன் முகத்தில் கரி பூசினார்!

பகிஷ்காரம் வேண்டாம் என்றது இன்னொரு பிரிவு. எடுத்துக்காட்டுவது சட்டம் கொடுத்த உரிமை. பகிஷ்காரம் செய்தால் அந்த உரிமையை நாமே விட்டுக்கொடுத்ததாகும். முன்னைப்போலவே எடுத்துக்காட்டி எழுதுவதே சரியான பதில் என்றார்கள்.

மூன்றாவது பிரிவு ஏ.பி. பக்கமும் நியாயம் உண்டு என்றது. யுத்தகளத்துக்கு நிருபரை அனுப்பப் பணம் செலவாகிறது. செய்தியின் சாரமெல்லாம் தலைப்பிலும் முதல் வரிகளிலும் இருக்கிறது. அதை எடுத்துப் போட்டால் மீதியை யார் படிப்பார்கள் என்று கேட்டது.

ஒரு பதிவர் சங்கத்தின் தலைவர் ஏ.பி.யோடு பேசப் போனார். கேடன்ஹெட்டுக்கு உதவி செய்யவே போனார். ஆனாலும், எங்கள் எல்லோர் பெயராலும் பேச உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மற்றவர்கள் கேட்டார்கள். சங்கத்தில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

கிளர்ச்சியைக் கண்டு ஏ.பி. கொஞ்சம் இறங்கிவந்தது. அணுகுமுறை கடுமையாகிவிட்டது என்று அதன் அதிகாரியே ஒப்புக்கொண்டார். கேடன்ஹெட் விவகாரம் அந்த மாதமே கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தது. எத்தனை சொல் எடுக்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

இந்த ஸ்தாபனத்தின் கதை

ஏ.பி. தனி முதலாளி ஒருவனின் கம்பெனியல்ல. 1846இல் நியூயார்க் பத்திரிகைகள் சேர்ந்து, மெக்சிகோ யுத்தச் செய்தியைச் செலவைப் பங்கிட்டுக் கொண்டுவர ஏற்படுத்திய கூட்டு ஸ்தாபனம். இன்றும் அமெரிக்கப் பத்திரிகைகளும் ஒலிபரப்பு நிலையங்களும்தான் அதன் உறுப்பினர்கள். ஆனால் யாருடைய கூட்டு? பத்திரிகை முதலாளிகளின் கூட்டு! அந்தக் கூட்டு எப்படி நடந்துகொண்டது என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன.

முதல் வழக்கு 1918இல் தீர்ப்பானது. முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1916இல், ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகைப் பெருமுதலாளியின் செய்தி ஸ்தாபனம் தன்னுடைய தந்திக் கம்பிகளை உபயோகிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்தது. உடனே ஹெர்ஸ்டின் ஆட்கள் கிழக்குக் கரையில் வெளியான ஏ.பி. செய்தியை அறிவிப்புப் பலகைகளிலும் பத்திரிகைகளின் முதல் பதிப்புகளிலும் பார்த்து, மேற்குக் கரைப் பத்திரிகைகளுக்குத் தந்தியடித்தார்கள். ஏ.பி. வழக்குப் போட்டது. நடந்த சம்பவம் யாருக்கும் சொத்தாகாது என்று சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனாலும், ஒருவன் விதைத்ததைப் போட்டிக்காரன் அறுத்துக்கொண்டு போகக்கூடாது. செய்தி சூடாக இருக்கும்வரை போட்டி ஸ்தாபனத்துக்கு எதிராக ஏ.பி.க்கு ஒருவகைச் சொத்துரிமை உண்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். நீதிபதி பிராண்டைஸ் மாறுபட்டு எழுதினார். வெளியிட்டுவிட்ட அறிவும் உண்மையும் காற்றைப்போல எல்லோருக்கும் பொது என்பது அவர் கருத்தின் சாரம்.

இரண்டாவது வழக்கு 1945இல். ஒரு நகரத்தில் ஏ.பி. செய்தியை வாங்கும் பத்திரிகை, அதே நகரத்தில் புதிதாக வரும் போட்டிப் பத்திரிகைக்குச் செய்தி கிடைக்காமல் முட்டுக்கட்டை போட ஏ.பி.யின் விதிகள் வழி செய்தன. அமெரிக்க சர்க்காரே வழக்குத் தொடுத்தது. பத்திரிகைச் சுதந்திரம் என்று ஏ.பி. கூக்குரலிட்டது! பிரசுரிக்கும் சுதந்திரம் உண்டு. ஒன்றுகூடிப் பிறரைப் பிரசுரிக்க விடாமல் தடுக்கும் சுதந்திரம் கிடையாது என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில் பதில் கிடைத்தது. ஏகபோகம் நடத்துகிறவன் எப்பொழுதும் சுதந்திரத்தின் பெயரால்தான் பேசுவான்.

இந்த ஏகபோகம் உலக அளவிலும் இருந்தது. பாரிசின் ஹவாஸ், பெர்லினின் ஊல்ஃப், லண்டனின் ராய்ட்டர் ஆகிய மூன்று ஸ்தாபனங்களும் 1870இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, நிலத்தைப் பாகம் பிரிப்பதுபோல உலகத்தைச் செய்திக்காகப் பாகம் பிரித்தன. அடிமை இந்தியா ராய்ட்டரின் பங்கில் விழுந்தது. நம்மைப்பற்றி உலகம் என்ன அறியவேண்டும், உலகத்தைப்பற்றி நாம் என்ன அறியவேண்டும் என்பதை லண்டன் தீர்மானித்தது. அந்த ஏற்பாட்டில் அமெரிக்காவின் குரல் அமுங்கிப்போகிறது என்று புகார் செய்து 1934இல் வெளியேறியது யார் தெரியுமா? இதே ஏ.பி.தான்! தன் குரல் அமுங்கியபோது வேலி கூடாது என்றது. தானே பெரிதானபின் ஐந்து சொல்லுக்கு வேலி போட்டது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

நியாயமான உபயோகத்துக்கு அனுமதி தேவையில்லை என்று அமெரிக்காவின் 1976ஆம் வருடச் சட்டம் கூறுகிறது. எதற்காக எடுத்தாய், எடுத்தது எத்தகைய எழுத்து, எவ்வளவு எடுத்தாய், அதனால் அசல் எழுத்தின் விற்பனை எவ்வளவு பாதிக்கப்படும் என்று நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுகிறது. இத்தனை சொல் என்ற கணக்கு அதில் கிடையாது. விமர்சிக்க எடுத்தானா, விற்றுப் பிழைக்க எடுத்தானா என்பது முக்கியம்.

2013இல் நியூயார்க் கோர்ட்டில் வந்த வழக்கு இதற்கு உதாரணம். மெல்ட்வாட்டர் என்ற கம்பெனி, ஏ.பி. செய்தியின் துண்டுகளை இயந்திரத்தால் சேகரித்துத் தன் சந்தாதாரர்களுக்குப் பணத்துக்கு அனுப்பியது. விமர்சனம் இல்லை, விளக்கம் இல்லை. இது நியாயமான உபயோகமல்ல என்று கோர்ட் கூறியது. நிருபரின் உழைப்பை இலவசமாக எடுத்து வியாபாரம் செய்வதும் சுரண்டல்தான். அதை நாம் ஆதரிக்க முடியாது.

நமது நாட்டின் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 52வது பிரிவு இருக்கிறது. சொந்தப் படிப்புக்கும், விமர்சனத்துக்கும், நடப்பு விவகாரங்களைத் தெரிவிப்பதற்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. இங்கும் சொல் கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கும் இல்லை.

ஆனால் நடைமுறை என்ன? 2025 மே மாதத்தில் ஏ.என்.ஐ. என்ற செய்தி ஸ்தாபனத்தின்மேல் யூடியூபில் பேசுகிறவர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். சில வினாடிப் படத்தை எடுத்துக் காட்டியதற்காகப் புகார் கொடுத்துவிட்டு, புகாரை வாபஸ் வாங்கப் பல லட்ச ரூபாய் கேட்கப்படுகிறது என்றார்கள். தன் பதிப்புரிமையைச் சட்டப்படி காக்கிறேன் என்றது ஸ்தாபனம். விவகாரம் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. 90 நாளில் மூன்று புகார் நிலைத்துவிட்டால் சானலையே மூடலாம் என்பது யூடியூபின் விதி. கத்தி கழுத்தில் இருக்கும்போது 52வது பிரிவைப் படித்துக்கொண்டிருக்க யாருக்கு அவகாசம்? களத்தில் நெல்லை அளக்கும் மரக்கால் பண்ணையார் கையில் மட்டும் இருந்தால் கூலி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு எடுப்பது நியாயம் என்பதைச் செய்தி முதலாளி மட்டுமே அளந்தால் அதே கதிதான்.

நமது நிலை என்ன?

நாளைக்கு மில்லில் வேலைநிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர்கள் காரணமில்லாமல் வேலையை விட்டார்கள் என்று ஒரு பெரிய பத்திரிகை எழுதுகிறது. கேட் மீட்டிங்கில் நாம் என்ன செய்வோம்? அந்த வரியை அப்படியே படித்துக் காட்டுவோம். சம்பள பாக்கி இத்தனை மாதம், நோட்டீஸ் கொடுத்த தேதி இது என்று பதில் சொல்லுவோம். அந்த வரியைப் படிக்காமல் பதில் சொன்னால், இல்லாததை இட்டுக்கட்டிப் பேசுகிறோம் என்பார்கள். படித்தால் காசு கொடு என்றால்? அவன் பொய் சொல்லுவது இலவசம், நாம் மறுப்பதற்குக் கட்டணம் என்றாகிவிடும்!

ஆகவே நமது நிலை தெளிவானது. நடந்த சம்பவம் யாருக்கும் சொத்தல்ல. செய்தியைச் சேகரிக்கும் நிருபரும், படம் பிடிப்பவரும், அச்சுக் கோப்பவரும் நம்மைப்போல உழைப்பாளிகள்; அவர்களுக்கு முழுக் கூலி கிடைக்கவேண்டும். அதற்காகப் போராடும்போது நாம் அவர்கள் பக்கம். ஆனால் 12½ டாலர் வசூலானால் அது நிருபரின் சம்பளக் கவரில் தானாகப் போய்ச் சேராது. நிருபரின் கூலியைக் காரணம் காட்டி ஜனங்களின் வாயைக் கட்ட நாம் சம்மதிக்க முடியாது.

உரிமை வேண்டும் என்கிற நமக்கும் ஒழுங்கு வேண்டும். பிறர் எழுதியதை எடுக்கும்போது ஒரு சொல்லும் மாற்றாமல் எடுங்கள். பத்திரிகையின் பெயரையும் தேதியையும் போடுங்கள். பதில் சொல்லத் தேவையான அளவுக்கு மட்டும் எடுங்கள். அவன் வரி இரண்டென்றால் நமது பதில் இருபதாக இருக்கட்டும். பிறருடைய முழுக் கட்டுரையை எடுத்து நம்முடையதுபோலப் போடாதீர்கள்; அது திருட்டு. வாட்சப்பில் வந்ததை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அனுப்பாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பயந்து அன்றே அழித்துவிடாதீர்கள். பிரதியைப் பத்திரப்படுத்திச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தனியாக நின்று பயப்படும் இடத்தில், சேர்ந்து நின்று மறுப்பு எழுதலாம்.

அமெரிக்கப் பதிவர்கள் பலவாறாகப் பிரிந்து நின்றும்கூட ஏ.பி. இறங்கிவர வேண்டியதாயிற்று. ஒன்றாக நின்றிருந்தால் இன்னும் எவ்வளவு சாதித்திருப்பார்கள்! நமக்குச் சங்கம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. பொய்யை எடுத்துக்காட்டி மெய்யைச் சொல்லும் உரிமையை எந்த விலைக்கும் விற்கமாட்டோம் என்று உறுதி கொள்வோம்.

தொழிலாளர் விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!