பாணபத்திரரின் நடுக்கம்



அவை கண்டு பாடகர்க்கு வரும் அச்சத்தைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலத்திலே அதன் இயல்பு முழுதும் அடங்கியுள்ளது. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தால் இவ்வரலாற்றைச் சிறுவரும் அறிவர். அதற்கு இசையமைத்த கே. வி. மகாதேவன் நம் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர் என்பது நாஞ்சில் நாட்டார்க்குத் தனிப் பெருமை.

வடபுலத்து இசைவாணன் ஏமநாதனோடு பாடுமாறு வரகுண பாண்டியன் பாணபத்திரரைப் பணித்தான். பத்திரர் ஆலவாய்ப் பெருமான் திருமுன் யாழிசைத்துப் பாடிவந்த பெரியார், வித்தையிற் குறைவில்லாதவர். வீதியிலே ஏமநாதனின் மாணாக்கர் பாடக் கேட்டார். மாணாக்கர் பாட்டே இதுவாயின் ஆசிரியன் பாட்டு எத்தகையதோ என்று நடுங்கினார். தம் பாட்டை விட்டுப் பிறர் பாட்டை அளக்கத் தொடங்கிய கணத்திலே அச்சம் பிறந்தது.

உடலோ அவையைப் புலியாகவே கொள்கின்றது. அட்ரினலின் என்னும் சுரப்புநீர் குருதியிற் கலக்க, நெஞ்சு படபடக்கும், நா வறளும், விரல் நடுங்கும். உதடு வறண்டால் நாகசுரக்காரர்க்குச் சீவாளி பேசுமா? நடுக்கந் தணிக்கும் மாத்திரைகளும் உள. நரம்புக்கருவி வாசிப்போர்க்கு அவை பயன்தரக் கண்டதாக 1977-இல் இலண்டன் மருத்துவ இதழொன்றில் எழுதினர். ஆயினும் ஆஸ்துமா உள்ளோர்க்கு அவை தீங்கு பயக்கும். மருத்துவர் சொல்லாமல் தொடலாகாது.

பத்திரர் செய்தது யாது? திருக்கோயில் புகுந்து தம் அச்சத்தை ஒளியாது முறையிட்டார். பெருமான் விறகாளாய் ஏமநாதன் திண்ணையில் அமர்ந்து, 'பத்திரர் தள்ளிவிட்ட மாணாக்கன் யான்' என்று கூறிச் சாதாரி பாடினார். கேட்ட ஏமநாதன் இரவோடிரவாக ஓடினான். இங்கே ஒன்று காணுங்கள். பத்திரர்க்கு இறைவர் புதிய வித்தை எதனையும் கற்பித்தாரில்லை. ஏமநாதனைப் பற்றியதும் அதே நோய்தான். ஒருவர் வாய்விட்டுச் சொன்னார், நின்றார். மற்றவன் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஊரை விட்டான்.

பிள்ளைகளே, அஞ்சினால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மேடை ஏறுமுன் வீட்டில் நாலைந்து பேர் நடுவே பாடிப் பழகுங்கள். நன்கு பாடமான பதிகத்தையே முதலில் எடுங்கள். மூச்சை மெல்ல விடுங்கள். சுசீந்திரத்து இசைத்தூண் தட்டுவார் எவராயினும் தன் ஒலியையே தரும். கல்லுக்கு அவையச்சம் இல்லை. நமக்கு உண்டு, அது குற்றமுமன்று.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒருமுறை குரல் பிசகிய பிள்ளையைக் கண்டு நாம் நகைத்தால், அப்பிள்ளை பின்னர் வாய் திறவாமலே போகலாம். அடுத்துத் தேவாரம் பாடவிருக்கும் சிறுவர் இதோ மேடையருகே நிற்கின்றனர். முன்வரிசையில் உள்ளோர் பேச்சை நிறுத்தி அமருமாறு வேண்டுகின்றேன்.