கடைசி பெஞ்சிலிருந்து புள்ளி தெரிகிறதா?

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடுதிரைப் பலகைகளை ஒப்பிட்டுப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நாம் வழக்கமாக ஸ்மார்ட் போர்டு என்று சொல்கிறோமே, அதைப் பற்றித்தான். உள்ளே வரும்போதே இரண்டு தலைமையாசிரியர்கள், "எந்தக் கம்பெனி நல்லது சார், அதை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். கம்பெனிப் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனிப் பலகை வந்தாலும் அதை எடை போடுகிற வழியைச் சொல்கிறேன். அந்த வழியை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளிக்கு 65 அங்குலப் பலகை வந்தபோது எல்லோரையும் விட அதிகம் மகிழ்ந்தவன் நான்தான். முதல் மாதம் கரும்பலகைப் பக்கமே திரும்பவில்லை. பாடநூல் பக்கத்தை அப்படியே திரையில் போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அந்த மாதத்தில்தான் அவளுடைய நோட்டில் சிவப்பு மை கூடிக்கொண்டே போனது. பட்டம் என்பதைப் 'படடம' என்று எழுதியிருப்பாள். 'பள்ளி' இருக்க வேண்டிய இடத்தில் 'பளளி' இருக்கும். புள்ளி என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவள் போல எழுதினாள். மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரையும் சேர்த்துவிட்டேன். இதை உங்கள் முன் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் அவளை அழைத்து, "ஏம்மா, புள்ளி வைக்கவே மாட்டியா?" என்று கேட்டேன்.

"போர்டுல புள்ளி இல்லையே சார்" என்றாள்.

"இருக்கு, நல்லாப் பாரு."

"நீங்க சாக்பீஸ்ல எழுதுனா தெரியும் சார். இதுல தெரியல."

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சு, பலகையிலிருந்து 19 அடி. எனக்கும் புள்ளி தெரியவில்லை. எழுத்தின் மேல் ஏதோ மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் கரும்பலகையில் மூன்று அங்குல உயரத்தில் எழுதிப் போட்டேன். ஒரு புள்ளி கூட விடாமல் எழுதினாள். கண் பரிசோதனைக்கும் அழைத்துப் போனோம், பார்வையில் குறை இல்லை. பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தேன். அதற்குள் ஒரு மாதம் முழுக்க அவளுக்குச் சிவப்பு மை போட்டுவிட்டிருந்தேன்.

இதில் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் உயரம் 2 அடி 8 அங்குலம்தான். ஒரு பாடநூல் பக்கத்தை அதில் முழுதாகக் காட்டினால் எழுத்து ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிதாகும். புத்தகத்தில் 4 மில்லிமீட்டர் இருக்கும் எழுத்து திரையில் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். அதை 19 அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பது, கையில் ஒரு அடி தூரத்தில் பிடித்த புத்தகத்தில் 0.6 மில்லிமீட்டர் எழுத்தைப் படிப்பதற்குச் சமம். அவ்வளவு சிறிய எழுத்தில் யாராவது பிள்ளைகளுக்குப் பாடநூல் அச்சிடுவார்களா? நான் அதைத்தான் ஒரு மாதம் செய்தேன்.

அளவுக்கு ஒரு எளிய விதி உண்டு. திரையில் உள்ளதைப் படிக்க வேண்டுமானால், கடைசியில் உட்காருகிறவர் திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதன்படி 55 அங்குல டிவிக்கு 13 அடி வரை. 65 அங்குலத்துக்கு 16 அடி. 75 அங்குலத்துக்கு 18 அடி. 86 அங்குலத்துக்கு 21 அடி. ஒரு டேப்பை எடுத்து வகுப்பறையை அளந்துவிட்டால் உங்களுக்கு வேண்டிய அளவு தெரிந்துவிடும்.

இந்தப் பலகைகள் பள்ளிகளுக்கு விற்கப்படுவதைப் போலவே அலுவலகக் கூட்ட அறைகளுக்கும் விற்கப்படுகின்றன. கூட்ட அறையில் ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். கடைசி நாற்காலி பத்துப் பன்னிரண்டு அடியில் இருக்கும். திரை போட்ட ஏ.சி. அறை, வெயில் உள்ளே வராது. அங்கே 65 அங்குலம் தாராளம். செய்முறை விளக்கமும் பெரும்பாலும் அப்படிப்பட்ட அறையில்தான் நடக்கிறது. அங்கே பளிச்சென்று தெரிந்ததை, மூன்று பக்கம் ஜன்னல் வைத்த நம் வகுப்பில் கொண்டுவந்து மாட்டுகிறோம். ஆகவே ஒப்பீடு நம் அறையில், நம் நேரத்தில் நடக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் வேப்பமரம் தெரிந்தால் பாடம் தெரியாது.

இனி வகைகளுக்கு வருகிறேன். முதலாவது புரொஜெக்டர். கொடுக்கும் பணத்துக்கு மிகப் பெரிய படம் இதில்தான் கிடைக்கும். எட்டு அடி அகலத்துக்குக் கூடக் காட்டலாம். ஆனால் அறையை இருட்டாக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிள்ளைகள் பாடத்தை விட்டு விசிறிக்கொள்ளத் தொடங்குவார்கள். நாம் முன்னால் நின்றால் நம் நிழல் விழும். விளக்கும் ஆண்டுக்கு ஆண்டு மங்கும்.

இரண்டாவது, சாதாரணப் பெரிய டிவியோடு ஒரு மடிக்கணினி. தொட முடியாது. ஆனால் விலை குறைவு, பழுது பார்க்க வில்லியனூரிலேயே ஆள் கிடைக்கும். வாரத்துக்கு நான்கு காணொளி காட்டுவதுதான் நம் தேவை என்றால் இதுவே போதும். பதினைந்து பிள்ளைகளை முன்னால் பாயில் உட்காரவைக்கும் தொடக்கப் பள்ளிக்கு இதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அகச்சிவப்புத் தொடுதிரைப் பலகை. பள்ளிகளுக்கு அதிகம் வருவது இதுதான். திரையின் சட்டத்துக்குள் நான்கு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டால் கதிர் மறைகிறது, எந்த இடத்தில் மறைந்தது என்று பலகை கண்டுகொள்கிறது. அதனால் விரல், குச்சி, பேனா மூடி எதை வைத்தும் எழுதலாம். அதே காரணத்தால் ஒரு பூச்சியும் எழுதும்! சட்டத்தின் ஓரத்தில் சாக்பீஸ் தூள் படிந்தாலும், நேர் வெயில் பட்டாலும் யாரும் தொடாமலே கோடு விழும். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே இதை மாட்டி, அங்கே டஸ்டரைத் தட்டினால் பலகை ரிப்பேர் என்றுதான் நினைப்போம். வாரம் ஒருமுறை காய்ந்த மெல்லிய துணியால் ஓரங்களைத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரத்துணி கூடாது.

நான்காவது, நம் கைப்பேசித் திரை வேலை செய்யும் முறையிலேயே அமைந்த மின்தேக்குத் தொடுதிரை. தூளும் வெயிலும் இதை அவ்வளவாகப் பாதிக்காது. எழுதுவதும் மென்மையாக இருக்கும். விலை கூடுதல். மரக்குச்சியால் எழுத முடியாது.

விற்பவர்கள் இருபது தொடுபுள்ளி, நாற்பது தொடுபுள்ளி என்பார்கள். நான்கு கே தெளிவு என்பார்கள். இருபது விரல் ஒரே நேரத்தில் பட்டு நம் வகுப்பில் என்ன ஆகப் போகிறது? இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று எழுதினால் இரண்டு பேர் எழுத்தும் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். எத்தனை கே தெளிவாக இருந்தாலும், எழுத்து சிறிதாக இருந்தால் தூரத்துக்குத் தெரியாது.

தமிழுக்கு என்று தனிச் சோதனை ஒன்று உண்டு. நம் பழைய வினாத்தாள்கள், பயிற்சித்தாள்கள் பல, பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. அவற்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் பலகையில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். ஒருங்குறியில் இருப்பது மட்டும் எங்கும் சரியாகத் தெரியும். பலகை வருவதற்கு முன்பே அந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். தீக்ஷாவில் உள்ள பாடங்களையும் முன்னதாகவே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். இணையம் வராத நாளில் பலகை என்ன செய்யும் என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது உயரம். பல பள்ளிகளில் பிள்ளைகள் கை பட்டுவிடக் கூடாது என்று நான்கடி உயரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். தொடுவதற்காகவே செய்த பலகை அது! ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் மூன்றே முக்கால் அடி இருக்கும். கையைத் தூக்கினால் நாலேகால் அடி எட்டும். பாயில் உட்காரும் வகுப்பில் பலகையின் அடிப்பக்கம் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தால் பாதிப் பலகை பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பெஞ்சு போட்ட பெரிய வகுப்பில் முன்னால் இருப்பவர் தலை மறைக்கும், அங்கே இன்னும் மேலே போகலாம். ஒரே உயரம் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது.

மின்சாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்காத வாரம் நமக்கு ஏது? ஆகவே முறையான எர்த், யூ.பி.எஸ்., மாலையில் பள்ளி விடும்போது பிளக்கைப் பிடுங்கி வைக்க ஒரு பொறுப்பாளர், இந்த மூன்றும் வேண்டும். எங்கள் பலகை ஒரு மழை இரவுக்குப் பிறகு எரியவில்லை. பழுது பார்க்க ஆள் வரப் பல மாதம் ஆனது. அதுவரை அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தோம். வாங்கும்போது நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: பழுதானால் எத்தனை நாளில், யார், எங்கிருந்து வருவார்?

பாகூருக்கு வந்து இதைச் சொல்லும்போது ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஒரு பொருளை ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆண்டுதோறும் விளைந்து வருகிற வருவாயைக் கொடுத்தார்கள். கல்விக்கு எதைக் கொடுத்தாலும் அதைப் பராமரிக்கவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் பழகிய அறிவு. பலகை கேட்டு விண்ணப்பம் எழுதும்போது ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக, இதனால் பிள்ளைகள் படிப்பு கூடுமா என்ற கேள்வி. லண்டன் உயர்நிலைப் பள்ளிகளில் பெரும் செலவில் இத்தகைய பலகைகளை வைத்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனம் ஆய்வு செய்து 2007-இல் அறிக்கை தந்தது. முதல் ஆண்டில் மாணவர் மதிப்பெண்ணில் அதனால் உயர்வு ஏற்பட்டதாகச் சான்று இல்லை என்பது அதன் முடிவு. படிப்பில் பின்தங்கிய குழுக்களில் ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து தொட்டுவிட்டுப் போவதால் மொத்த வகுப்பின் வேகம் குறையவும் கூடும் என்றும் அது சொன்னது. பலகை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சி.பி.எஸ்.இ. பாடத்தை ஆங்கிலத்தில் திணறிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதயம் துடிப்பதையும், பூமி சுற்றுவதையும் கண்ணால் காட்ட முடிவது பெரிய காரியம். ஒரு பிள்ளை பலகையில் தொடும்போது மற்றவர்கள் நோட்டில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது நாம் திட்டமிட வேண்டியது. எந்தப் பலகையும் அதைச் செய்து தராது.

எங்கள் பள்ளியில் இப்போது செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். பாடநூல் பக்கத்தை முழுதாகக் காட்டுவதில்லை. ஒரு நேரத்தில் நான்கைந்து வரி மட்டும், பெரிதாக்கி. எழுதிப் போட வேண்டியதைக் கரும்பலகையில் எழுதுகிறோம், அதை யாரும் கழற்றவில்லை. பெஞ்சுகளைத் திங்கள்தோறும் வரிசை மாற்றுகிறோம். பாடம் தொடங்கும் முன் ஆசிரியர் ஒருமுறை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார்.

நாளை உங்கள் பள்ளிக்கு ஒரு பலகை வரலாம், ஏற்கனவே வந்தும் இருக்கலாம். அதில் 'பட்டம்' என்று வழக்கமாகக் காட்டும் அளவில் ஒரு சொல்லைப் போடுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பிள்ளையின் நோட்டில் சிவப்பு மை போடாதீர்கள்.