பற்பமும் வெள்ளி நீரும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. மருந்தைப் பற்றிப் பேச யாம் யார் என்று தாங்கள் வினவக்கூடும். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் பார்சல் சீட்டு எழுதிக் காலம் கழிக்கும் எழுத்தரேம் யாம். மருத்துவம் கற்றவர் அல்லோம். ஆயினும் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றும், அதன் பின்னர் நம் காலனியில் மூண்ட வாதமும் எம்மை இந்த மேடையில் ஏற்றிவிட்டன. செயலாளர் அவர்கள் பதினைந்து நிமிடம் தந்துள்ளார்கள். மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்க முயல்வோம்.

எம் தந்தையாருக்கு நெடுநாளாக முழங்கால் வலி. சந்தையில் ஒருவரிடம் வாங்கியதாகக் கூறி நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். வெண்ணிறப் பொடி, வெள்ளி பற்பம் என்று பெயர் சொல்லப்பட்டது. அரிசி எடை தேனில் குழைத்துக் காலை மாலை உண்டார். பத்து நாட்களில் வலி குறைந்தது. நாங்களும் மகிழ்ந்தோம், அதனை மறைப்பானேன்? பொட்டலம் தீரத் தீர மீண்டும் வாங்கி வந்தவர்களும் நாங்களே.

மூன்றாம் மாதம் வயிற்றுவலி தொடங்கியது. மலம் கட்டியது, முகம் வெளுத்தது, உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக் கொண்டார். குடற்புண் என்று ஒருவர் மருந்து கொடுத்தார். வேறொருவர், வயதின் காரணம் என்றார். இறுதியில் காட்பாடி வழியாக வேலூர் சென்றோம். அங்கே ஓர் இளம் மருத்துவர் வயிற்றைத் தொடுமுன் தந்தையாரின் கீழுதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மை தீட்டியதுபோல் ஒரு நீலக் கோடு. “ஐயா, ஏதேனும் பொடி உண்கிறீர்களா?” என்று கேட்டார். தந்தையார் எம்மைப் பார்த்தார். யாம் தரையைப் பார்த்தோம். இரத்தத்தைச் சோதித்ததில் அளவுக்கு மிஞ்சிய காரீயம் இருப்பது தெரிந்தது. வலி குறைந்ததற்குப் பொடியில் கலந்த ஸ்டீராய்டும் காரணமாகலாம் என்று அவர் ஐயுற்றார். பொடியை நிறுத்தி, காரீயத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து கொடுத்தனர். தேறி எழ நான்கு திங்கள் ஆயிற்று.

ஊர் திரும்பியதும் காலனி நீர்த்தொட்டியடியில் வாதம் தொடங்கியது. நாட்டு மருந்து அனைத்தும் நஞ்சே என்றது ஒரு கட்சி. அது போலிப் பொடி, முறைப்படி முடித்த பற்பம் ஒருநாளும் கெடுதல் செய்யாது என்றது மற்றொரு கட்சி. இதற்கிடையே சென்னையிலிருந்து வந்த எம் மருமகன், தபாலில் தருவித்த ஒரு புட்டியை நீட்டி, “மாமா, பழைய பொடியை விடுங்கள். இது கூழ்ம வெள்ளி, முழுக்க விஞ்ஞானம். தாத்தாவுக்கு நாள்தோறும் ஒரு கரண்டி கொடுங்கள்” என்றான். ஒரு உலோகத்தால் பட்டது போதாதென்று மற்றோர் உலோகம்! அன்றிரவே யாம் படிக்கத் தொடங்கினோம்.

பற்பம் செய்யும் முறையை முதலில் சொல்வோம். உலோகத்தைத் தகடாக்கிக் காய்ச்சி, எண்ணெய், மோர், கோமூத்திரம், கொள்ளுக் குடிநீர் முதலியவற்றில் மீண்டும் மீண்டும் தோய்ப்பர். இதனைச் சுத்தி என்பர். பின்னர்க் கல்வத்திலிட்டு மூலிகைச் சாறு விட்டுச் சாமக் கணக்கில் அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலிலிட்டு மேலகல் மூடி, சீலைமண் செய்து, எருவராட்டி அடுக்கிப் புடமிடுவர். காடைப்புடம், குக்குடப்புடம், கசப்புடம் என்று நெருப்பின் அளவுக்குத் தக்க பெயருண்டு. முடிந்த பொடி விரல் ரேகையில் படிய வேண்டும். நீரில் தூவினால் மிதக்க வேண்டும். மினுமினுப்பும் சுவையும் அற்றிருக்க வேண்டும். நுண்ணோக்கி இல்லாத நாளில் இத்துணை நுட்பமாகச் சோதித்த முன்னோரை வணங்குகிறோம். தங்க பற்பத்தை இக்காலக் கருவிகளால் ஆராய்ந்தோர் அதில் கண்ணுக்கு எட்டாத பொன் துகள்களைக் கண்டனர்.

ஆனால் அச்சோதனைகள் சொல்வது என்ன? பொடி எத்துணை நுண்மையானது என்பதையே. அதில் எந்த உலோகம் எவ்வளவு உள்ளது என்பதை அவை சொல்லா. காரீயத்தை எத்தனை புடமிட்டாலும் அது காரீயத்தின் சேர்மமாகுமேயன்றிக் காரீயம் ஒழிந்துபோகாது. இரும்பு உடலுக்குத் தேவை. ஆதலின் இரத்தக் குறைவுக்கு அயச் செந்தூரம் கொடுத்ததில் பொருளுண்டு. காரீயத்தால் உடலுக்கு ஆவது ஒன்றும் இல்லை.

ஈண்டு ஒரு சிறு விலகல். ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் தாய்மார்கள் அஞ்ச வேண்டா; அந்த ஈயம் வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தில் பூசுவதும் அதுவே. விலை குறைவென்று காரீயம் கலந்து விற்பவரிடம் வாங்கினால்தான் கேடு. இரண்டுக்கும் ஒரே பெயரை வழங்கி வரும் நம் பேச்சு வழக்கின்மேல் எமக்குச் சிறிது வருத்தம் உண்டு.

இனி மருமகனின் புட்டி. கூழ்மம் என்பது மிக நுண்ணிய துகள்கள் கரையாமலும் அடியில் படியாமலும் ஒரு நீர்மத்தில் பரவி நிற்பது. நம் வீட்டுப் பாலும் ஒரு கூழ்மமே. 1857-இல் மைக்கேல் பாரடே பொன்னை இவ்வாறு நீரில் பரப்பி, அது மாணிக்கச் சிவப்பாக நிற்பதைக் காட்டினார். கோவிட் காலத்தில் நாம் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தோமே, அந்தச் சோதனை அட்டைகள் பலவற்றில் தோன்றிய செங்கோடு கூழ்மப் பொன்னின் கோடே. ஆனால் அங்கே பொன் நோயைக் காட்டுகிறது, நோயைத் தீர்க்கவில்லை.

வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது மெய். 1881-இல் கிரெடே என்னும் ஜெர்மானிய மருத்துவர், பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுப் பல குழந்தைகளின் பார்வையைக் காத்தார். தீப்புண்ணுக்கு வெள்ளி சேர்ந்த களிம்பு 1960களிலிருந்து வழக்கில் உள்ளது. செம்பும் அத்தகையதே. செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்ததைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர். ஆயினும் புண்ணின்மேல் தடவுவதும் குடத்தில் நீர் வைப்பதும் வேறு. உலோகத்தையே நாள்தோறும் குடிப்பது வேறு. உண்ட வெள்ளியில் ஒரு பகுதி தோலில் படிந்து நிற்கும். அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் ஸ்டான் ஜோன்ஸ் என்பவர் 2002 தேர்தலில் நின்றபோது அவர் முகம் சாம்பல் நீலமாயிருந்தது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணிப்பொறிகள் குழம்பி மருந்து கிடைக்காமற் போகுமோ என்று அஞ்சி, வெள்ளி நீரைத் தாமே செய்து குடித்தவர் அவர். அந்நிறம் கழுவினாலும் போகாது. அந்நாட்டு மருந்துத் துறை 1999-இலேயே, கடையில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயன் தருபவை என்றோ ஏற்கத்தக்கவை அல்ல என அறிவித்துவிட்டது. மருமகன் புட்டியின் மேல் எழுதியிருந்த நோய்களை எண்ணினோம், பத்தொன்பது!

பொன்னின் கதை வேறு வகை. காசநோய்க் கிருமியைக் கண்ட ராபர்ட் காக், பொன் சயனைடு அக்கிருமியின் வளர்ச்சியைக் கண்ணாடிக் குழாயில் தடுப்பதை 1890-இல் சொன்னார். நோயாளியிடம் அது பலிக்கவில்லை. ஆயின் 1929-இல் பிரெஞ்சு மருத்துவர் பாரஸ்டியே பொன் உப்பைக் கீல்வாதத்துக்குக் கொடுத்துப் பயன் கண்டார். பல்லாண்டு அது மேலை மருத்துவத்தின் மருந்தாகவே இருந்தது. சிறுநீரையும் இரத்தத்தையும் அடிக்கடி சோதித்தே கொடுத்தனர். மேலான மருந்துகள் வந்தபின் பெரும்பாலும் கைவிட்டனர். உலோகம் மருந்தாகாது என்று வாதிட்ட நம் முதற் கட்சியார் இதனை நினைவிற் கொள்க. குப்பத்தை அடுத்த சிகர்குண்டாவில் பொன் எடுத்த மாவட்டம் நம்முடையது. அவ்வளவில் நமக்கும் பொன்னோடு ஓர் உறவுண்டு. ஆயினும் அது மருந்தாகக் கையாளப்பட்ட முறைதான் நாம் பார்க்க வேண்டியது.

இரண்டாம் கட்சியார்க்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டனர். 14-இல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. 2008-இல் வெளியான ஆய்வின்படி, இணையத்தில் வாங்கிய 193 மருந்துகளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவ்வாறே. இந்தியாவில் செய்தவற்றுக்கும் அமெரிக்காவிலேயே செய்தவற்றுக்கும் பெரிய வேற்றுமை காணவில்லை. ஆகவே இதனை நம் நாட்டின் இழுக்காக மட்டும் கொள்வதும் தவறு. அயலார் சூழ்ச்சி என்று தள்ளுவதும் தவறு.

சட்டம் உறங்கவில்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1964-இல் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் இடம் செய்தனர். உரிமம் இன்றிச் செய்து விற்றல் குற்றம். பாதரசம் போன்ற நச்சுப் பொருள் சேர்ந்த மருந்தானால், மருத்துவர் மேற்பார்வையில் உண்க என்னும் எச்சரிக்கை சீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி 161. எந்த மொழியில் தெரியுமா? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! சித்தூரில் தெலுங்கும் தமிழும் மட்டும் படிக்கும் ஒரு பாட்டி அதனை எங்ஙனம் அறிவாள்? தமிழிலும் தெலுங்கிலும் அச்சிடுமாறு நம் சங்கம் அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறோம். வரைவு எம் பையில் ஆயத்தமாக உள்ளது.

நம் மருத்துவத்தை வேண்டுவோர்க்கு வழி இல்லாமலில்லை. திருப்பதியிலேயே தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. சித்த மருத்துவமே வேண்டுமெனின், தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாஸ் வைத்திருக்கும் நமக்குப் பயணச் செலவும் இல்லை! இவற்றில் எங்கு சென்றாலும், வீட்டில் உண்ணும் மற்ற மருந்துகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுக. எம் தந்தையாரின் பொட்டலத்தை முதல் மருத்துவரிடம் யாம் காட்டியிருந்தால், அவர் இரண்டு திங்கள் வலியில் துடித்திருக்க மாட்டார். நாட்டு மருந்து என்றால் கடிந்துகொள்வாரே என்று கூசி மறைத்தவர் யாமே.

தந்தையார் இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். முழங்கால் வலி திரும்பிவிட்டது. “அந்தப் பொடி ஒன்றுதானடா என் காலுக்குக் கேட்டது” என்று இன்று காலையிலும் சொன்னார். எம்மிடம் விடை இல்லை; ஒத்தடம் கொடுத்துவிட்டு விழாவுக்கு அழைத்து வந்தோம்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்போம். தத்தம் வீட்டுப் புட்டிகளையும் பொட்டலங்களையும் எடுத்து வாருங்கள். உரிம எண் இருக்கிறதா, எச்சரிக்கை உண்டா என்று சீட்டைப் படித்துச் சொல்கிறோம். சீட்டே இல்லாதவற்றைத் தனியே ஒரு பெட்டியில் வைப்போம்.