படத்தில் நிற்பவரும் பணியைச் செய்தவரும்



தொழில்நுட்ப விழாக்களின் விளம்பரங்களில் பெண்கள் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பதை இன்று லூமுட்டில் ஆராய முற்படுகிறோம். மொழி மன்றத்திற்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஒரு வாக்கியத்தில் எழுவாய் எது, அடைமொழி எது என்று பிரித்துக் காண்பது நம் பயிற்சி. விளம்பரப் படத்திற்கும் அவ்வினா பொருந்தும். அங்கே பெண் செயலைச் செய்பவளா, பொருளுக்கு அழகூட்டும் அடைமொழியா?

1946 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி உலகிற்கு அறிமுகமானது. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். 1980களில் கேத்தி கிளைமன் என்னும் மாணவி, அக்கணினியின் பழைய படங்களில் பெயரின்றி நின்ற பெண்கள் யாரென்று வினவினார். குளிர்பதனப் பெட்டி விளம்பரத்தில் நிற்பவர்களைப் போல, இயந்திரத்தை அழகாகக் காட்ட நிறுத்தப்பட்டவர்கள் என்ற விடையே கிடைத்தது. அவர் விடாது தேடினார். 1997இல் அறுவரும் தொழில்நுட்ப மகளிருக்கான பன்னாட்டுப் புகழரங்கில் இடம்பெற்றனர். இயந்திரத்தின் அருகே பெண் நின்றால் அவள் அலங்காரமே என்று விளம்பரங்கள் நம் கண்களைப் பழக்கியதன் விளைவே இந்த அரை நூற்றாண்டுத் தாமதம்.

அப்பழக்கம் எளிதில் மறையவில்லை. 2009இல் தைவானில் நிரலாளர்களுக்காக யாகூ நடத்திய நிகழ்ச்சியில் கவர்ச்சி நடன மகளிர் மேடையேற்றப்பட்டனர். கண்டனம் எழுந்தபின் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அப்பெண்கள் விரும்பி ஏற்ற தொழில்தானே என்பர் சிலர். அவர்களை நாம் குறைகூறவில்லை. நம் வினா ஏற்பாட்டாளரை நோக்கியது. அத்தகைய அழைப்பில் ஆண் விருந்தினன். பெண்ணோ விருந்தின் ஒரு பகுதி. நிரல் எழுதும் பெண்ணுக்கு அங்கே எந்த இருக்கை?

பேராக்கின் பால்மரக் காடுகளில் விடியுமுன் மரம் சீவிய நம் பாட்டிமாரை எண்ணுவோம். மலாயாவின் பழைய அஞ்சலட்டைகளில் அக்காலப் பெண்கள் ‘தமிழ்ப் பெண்’ என்ற குறிப்போடு மட்டும் நிற்கின்றனர். பெயருமில்லை, செய்த தொழிலுமில்லை.

2001இல் நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, பால் அடிப்படையிலான பாகுபாட்டையும் தடைசெய்யுமாறு திருத்தப்பட்டது. சட்டம் தன் சொல்லைத் திருத்திக்கொண்டது. பதாகையின் சொல்லைத் திருத்த வேண்டியவர்கள் நாமே.

பள்ளியின் அறிவியல் விழாவுக்குப் பதாகை வரையும் மாணவர், படத்திலுள்ள பெண்ணின் பெயரையும் பணியையும் அதன்கீழ் எழுதிப் பார்க்கட்டும். எழுத ஏதுமில்லையெனில், அப்படம் அங்கே எதற்கு என்று நாம் கேட்போம்.