கிளாகோமா உள்ளவர்களும் செல்போன் கண் பரிசோதனையும்

கிளாகோமாவுக்குச் சொட்டு மருந்து போடுபவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். செல்போன் ஆப்பில் கடைசி வரி எழுத்தையும் படித்துவிட்டு, "கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் குறையும். எழுத்து படிக்கும் நடுப்பார்வை வெகுகாலம் தெளிவாகவே இருக்கும்.

பக்கப் பார்வையைச் சோதிக்கும் ஆப்களும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக் கருவி நடுவிலிருந்து 24 அல்லது 30 டிகிரி வரை பார்க்கிறது. கையில் பிடித்த செல்போனின் சின்னத் திரை அவ்வளவு எட்டாது. செய்வதானால் படிக்கும் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாக மூடி, எப்போதும் அதே தூரம், அதே வெளிச்சத்தில் செய்யுங்கள். இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

முடிவு மாறினால் உடனே டாக்டரிடம் போங்கள். மாறாவிட்டாலும் அவர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். உடன்பிறந்தவர்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடரக்கூடியது.