முதலில் உங்களிடம்தான் சொல்வார்கள்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் செவிலியச் செல்வங்களே!

இதுபோன்ற மேடைகளில் சேவை, தியாகம், கையில் விளக்கு என்று பேசுவது வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாளைக் காலை டூட்டிக்குப் போகும்போது உங்களுக்கு உதவக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உடம்பில் எந்த இடத்தில் நோய் வந்தால் மனிதர்கள் கடைசிவரை வாய் திறக்க மாட்டார்களோ, அந்த இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அங்கே வரும் நோய்க்கு மருத்துவம் பெரும்பாலும் இருக்கிறது. நோயாளிதான் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

கூச்சத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை மணிக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அளந்து சொல்ல முடியும்.

முதலில் மணிக்கணக்கைச் சொல்கிறேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இரவு இரண்டு மணிக்கு அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்திருக்கிறான். வாந்தி எடுக்கிறான். வலி உண்மையில் விரையில் இருக்கிறது. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? "வயிறு வலிக்குது" என்கிறான். சோடா குடிக்க வைத்து, விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க வைக்கிறார்கள். விரை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மணிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும். அவசரப் பிரிவில் அந்தப் பையனை முதலில் பார்ப்பவர் நீங்கள். வளரிளம் பையன் அடிவயிற்று வலி என்று வந்தால் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, கீழேயும் வலிக்குதா?" என்று கேளுங்கள். அவன் தலையை அசைத்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், வாய்வழியே எதுவும் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்கிற அந்த ஒரு கேள்வியில் ஒரு விரை தப்பிக்கும்.

அடுத்து ஆண்டுக்கணக்கு. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. ஹெச்.பி.வி. கிருமி தங்கி, செல்கள் மாறி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தடுப்பதற்கு இவ்வளவு அவகாசம் கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் நம் திண்டுக்கல் மாவட்டமும் ஒன்று. காட்டியவர்கள் செவிலியர்கள்.

2000ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. 114 பகுதிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பரிசோதனை செய்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஸ்பெக்குலம் வைத்து, கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெண்மையான திட்டு தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. நம் சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்தார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களே கால்போஸ்கோப்பில் பார்த்து, தேவையானவர்களுக்கு உறைய வைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையையும் அதே வருகையில் கொடுத்தார்கள். முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால் கிடைத்த பலன் இது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பரிசோதனைக்கு உரியவர்கள் 49,311 பெண்கள். வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. வாசல்வரை வந்த வசதியை ஏற்காமல் அத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். உங்கள் தலைமுறை செய்ய வேண்டிய வேலை அந்த 18,000இல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எட்ட வேண்டிய இலக்கு ஒன்றை வைத்திருக்கிறது: 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதிக்கப்பட வேண்டும். இயந்திரம் வாங்கிப் போட்டால் மட்டும் அந்த இலக்கு நிறைவேறாது. "வாங்கக்கா, ரெண்டு நிமிஷம்தான், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சரி, பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆண்கள்? உங்கள் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறும் மகளிர் நலமும் தனிப் பாடம். ஆணின் இனப்பெருக்க உறுப்பு நோய்கள் இன்னொரு பாடத்துக்குள் ஓர் அலகு. தேர்வுக்கு முந்தின நாள் புரட்டிப் பார்த்த பக்கங்கள். ஆனால் வார்டில் அந்த ஆண்கள் இருப்பார்கள்.

புராஸ்டேட் அறுவை முடிந்து வரும் பெரியவரைப் பாருங்கள். மூன்று வழிக் குழாய் போட்டு, சிறுநீர்ப்பையைக் கழுவும் திரவம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போன அளவும் வெளியே வந்த அளவும் எழுதுவது வெறும் கணக்கு வேலை இல்லை. வருவது குறைந்து, அடிவயிறு உப்பி, பெரியவர் நெளிந்தால் ரத்தக்கட்டி அடைத்திருக்கக்கூடும். வெளியேறும் நீர் வெளிர் சிவப்பிலிருந்து கெட்டிச் சிவப்பாக மாறினால் மருத்துவரை எழுப்பத் தயங்காதீர்கள். இன்னொன்று, யாரும் பாராட்டாத சின்ன வேலை: முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்து குழாய் போட்டபின், அதை மறுபடி முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். மறந்தால் தோல் இறுகி வீங்கி, ரத்த ஓட்டமே தடைப்படும். குழாய் போட்டவரின் கவனக்குறைவால் வரும் துன்பம் இது.

அந்தப் பெரியவர் மகன் வெளியே போன நேரம் பார்த்து மெல்லக் கேட்பார்: "சிஸ்டர், இனிமே எல்லாம் பழையபடி இருக்குமா?" எதைக் கேட்கிறார் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். இந்த அறுவைக்குப் பிறகு பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அதனால் ஆபத்து இல்லை. இதை அறுவைக்கு முன்பே சொல்லியிருந்தால் அவர் இத்தனை நாள் தனக்குள் புழுங்கியிருக்க மாட்டார். எழுபது வயதில் இந்தக் கவலை எதற்கு என்று சிரிக்கிற உரிமை நமக்குக் கிடையாது.

நெஞ்சுவலி என்று வரும் ஐம்பது வயதுக்காரரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் வகை மாத்திரை போட்டிருப்பவருக்கு, நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். மனைவியும் மருமகனும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது "அந்த மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். உறவினர்களை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நீரிழிவுக்கு மருந்து வாங்க வருகிறவரிடமும் ஆண்மைக் குறைவு இருக்கிறதா என்று கேட்கலாம். அது சிலருக்கு இதய ரத்தக் குழாய் நோயின் முன்னறிவிப்பு.

குடும்பக் கட்டுப்பாட்டில் நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வது சிறிய அறுவை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். வேலை செய்ய முடியாது, ஆண்மை போய்விடும் என்ற பயத்தை யாரும் உட்கார்ந்து பேசிப் போக்கவில்லை. பேசும்போது இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: அறுவை செய்த அன்றே பலன் வந்துவிடாது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதி செய்த பிறகே நம்பலாம். இதைச் சொல்லாமல் விட்டு, இடையில் மனைவி கருவுற்றால், வீட்டில் பழி விழுவது அவள் மீது.

குழந்தையில்லை என்று வரும் தம்பதியரிலும் இதே கதைதான். மருமகளுக்கு ஸ்கேன், மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை, மருமகளுக்குக் கோயில் விரதம். ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை மலிவானது, வலியில்லாதது, முதலிலேயே செய்ய வேண்டியது. பால்வினை நோய்க்கும் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் அது அடுத்த மாதம் திரும்பி வரும். இருவருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. இனப்பெருக்க நலத்தில் உங்கள் நோயாளி பெரும்பாலும் ஒருவர் இல்லை, இருவர் என்பதை நினைவில் வையுங்கள்.

பெண்கள் வார்டில் நீங்கள் கூடுதல் பழக்கம் உள்ளவர்கள். அங்கே என் வேண்டுகோள், கேள்வியைத் துல்லியமாகக் கேளுங்கள் என்பதுதான். "மாதவிடாய் ஒழுங்கா வருதா?" என்றால் "வருது" என்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். அதே 2019-21 கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லும் பெண்ணின் களைப்புக்குப் பின்னால் அதிக உதிரப்போக்கு இருக்கலாம். கர்ப்பப்பை இறங்கிய அம்மாவிடம், இருமினால் சிரித்தால் சிறுநீர் கசிகிறதா என்று நீங்களாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். வயதாகிவிட்டது, இப்படித்தான் என்று பல ஆண்டுகளாகப் பொறுத்திருப்பார்கள். இடுப்புத் தசைப் பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், அறுவை என்று வழிகள் இருக்கின்றன என்று அவர்களிடம் சொல்ல முதல் வாய்ப்பு உங்களுக்குத்தான்.

ரகசியம் காப்பது நல்ல குணம் மட்டும் இல்லை, சட்டம். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரங்களை வெளியிடுவதை மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. கேஸ் ஷீட்டைக் கட்டிலின் காலடியில் தொங்கவிடுவதும், வராந்தாவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு நோயைச் சொல்வதும் அந்தச் சட்டத்தின் முன் சிறிய விஷயங்கள் இல்லை. அதே நேரம், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தாக வேண்டும். எனவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். எதைச் சொல்ல வேண்டியிருக்கும், ஏன் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அந்தப் பிள்ளைக்கு முதலிலேயே விளக்குங்கள்.

இன்று பட்டம் பெறும் ஆண் செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை. சில பெண்கள் உங்களிடம் சிகிச்சை பெறத் தயங்குவார்கள். அது உங்களுக்கு அவமானம் இல்லை. அவர்களைக் கேளுங்கள், துணைக்கு ஒரு பெண்ணை நிற்க வையுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பெண் செவிலியர்கள் ஆண் நோயாளியிடம் நடந்துகொள்ள வேண்டியதும் இப்படியே. திருநங்கை, திருநம்பி ஒருவர் வந்தால் எந்த வார்டு என்று அவர் காதுபடச் சண்டை போடாதீர்கள். எப்படி அழைக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். திரையை இழுத்து மூடுவதும், தேவையான அளவுக்கு மட்டும் துணியை விலக்குவதும் எல்லோருக்கும் பொது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பார்க்கப் போகும் வேலை இதுதான். வெளியே சொல்ல முடியாத வேலை என்று யாராவது முகம் சுளித்தால், சொல்ல முடியாததைச் சொல்ல வைத்து உயிரைக் காப்பாற்றும் வேலை என்று நிமிர்ந்து பதில் சொல்லுங்கள்.

செவிலியச் செல்வங்களே, கடைசியாக உங்கள் உடம்பைப் பற்றி. பன்னிரண்டு மணி நேர டூட்டியில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, மாதவிடாய் வலியோடு நின்றுகொண்டே ஊருக்கு ஆலோசனை சொல்கிற செவிலியர்கள் ஏராளம். முப்பது வயதைத் தொட்டதும் ஊராருக்குச் செய்யும் பரிசோதனையை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள். நிர்வாகத்தினருக்கும் சொல்கிறேன்: செவிலியர் அறைக்குப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறையும், ஒவ்வொரு வார்டிலும் கிழியாத திரையும், பேசுவதற்கு ஒரு தனி அறையும் செலவுக் கணக்கில் ஆடம்பரமாகாது.

நோயாளி மருத்துவரிடம் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்வார். சில சமயம் உங்களிடம் மட்டும்தான் சொல்வார். அந்த நேரத்தில் முகம் மாறாமல் கேளுங்கள், தெளிவாகக் கேள்வி கேளுங்கள், கற்றதைத் தாமதிக்காமல் செய்யுங்கள். இந்தப் பட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது இதைத்தான். எல்லோரும் நலமும் புகழும் பெற்று வாழ வாழ்த்துகிறேன்.